பேசாத கிழவிகள்: முதியோர் பற்றிய நமது சிறுகதைகள் குறித்து

சென்ற வருடம் எங்கள் பாடசாலையில் தரம் 10, 11 மாணவர்களுக்கு ஒரு சிறுகதைப் போட்டி வைத்தோம். தலைப்பு எதுவும் கொடுக்கவில்லை. விரும்பியதை எழுதலாம் என்று விட்டுவிட்டோம். முப்பதுக்கு மேற்பட்ட கதைகள் வந்தன. வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு இரவு இருந்து வாசித்தேன். அவற்றுள் பதினொரு கதைகள் ஏறத்தாழ ஒரே கதையாக இருந்தன.

கொழும்பில் ஒரு பெரிய வீடு. மகனிடம் கார் இருக்கிறது. மருமகள் உதட்டுச் சாயம் பூசுகிறாள். வீட்டு நாய்க்குக் கோழி இறைச்சி, பின் அறையில் கிடக்கும் கிழவிக்குப் பழஞ்சோறு. ஒருநாள் கிழவியை முதியோர் இல்லத்தில் விட்டுவிடுகிறார்கள். அங்கே அவள் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். கடைசிக்கு முந்திய வரியில் செத்துப்போகிறாள். கடைசி வரியில் மகன் வந்து விழுந்து அழுகிறான்.

இதை எழுதிய பிள்ளைகள் வட்டகொடையைச் சுற்றியுள்ள தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களை விசாரித்துப் பார்த்தேன். ஒருவர்கூட முதியோர் இல்லமொன்றைக் கண்ணால் கண்டதில்லை. பாதிப் பேர் கொழும்புக்கே போனதில்லை. ஆனால் அந்தப் பதினொரு பேரில் ஏழு பேரை வளர்ப்பவர்கள் பாட்டிமார். தாயோ தகப்பனோ, சிலருக்கு இருவருமோ, கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போயிருக்கிறார்கள். காலையில் ரொட்டி தட்டிக் கொடுத்து, தலைவாரி, பாடசாலைக்கு அனுப்பிவிடும் கிழவி லயத்துக் காம்பராவில் இருக்கிறாள். அவளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கண்டறியாத ஒரு கிழவிக்காகத்தான் கண்ணீர் விட்டிருந்தார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவர்கள் எங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்கள். வார இதழ்களில், வானொலி நாடகங்களில், நமது சஞ்சிகைகளில் முதியோர் என்றதும் நாம் எழுதுகிற கதையைத்தான் அவர்கள் திருப்பி எழுதினார்கள். ஆகவே திருத்த வேண்டியது அவர்களுடைய கொப்பியை மட்டுமல்ல.

இந்தக் கதையின் மூலத்தைத் தேடிப்போனால், நாம் எல்லோரும் சிறு வயதில் கேட்ட சிரட்டைக் கதைக்கு வந்து சேர்வோம். கை நடுங்கும் கிழவனுக்குச் சிரட்டையில் சோறு போடுகிறார்கள். ஒருநாள் பேரன் இன்னொரு சிரட்டையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான். எதற்கென்று கேட்டால், 'வாப்பாவுக்கு வயது போனதும் கொடுக்க' என்கிறான். இது நமக்கு மட்டும் உரிய கதையன்று. ஜெர்மனியில் கிறிம் சகோதரர்கள் 1812 இல் வெளியிட்ட கதைத் தொகுதியிலும் இதே கதை மரக் கிண்ணத்தோடு இருக்கிறது. டால்ஸ்டாய் பிள்ளைகளுக்கான தமது பாடநூலுக்காக அதை மீண்டும் எழுதினார். உலகமெங்கும் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த கதை அது. நல்ல கதைதான்.

ஆனால் அந்தக் கதையில் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். பேரன் பேசுகிறான். மகன் திருந்துகிறான். கிழவன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. கிறிம் சகோதரர்களின் கதையில் பெருமூச்சு மட்டும் விடுகிறான். அவனுக்குப் பெயரும் இல்லை. அந்தச் சிரட்டையைப் பற்றி அவன் என்ன நினைத்தான் என்பது கதைக்குத் தேவைப்படவில்லை. மகனைப் பயமுறுத்தித் திருத்துவதே நோக்கம் என்பதால், கிழவன் அதற்கொரு கருவி மட்டுமே. நீதிக்கதைக்கு அது போதும். சிறுகதைக்குப் போதுமா என்பதே என் கேள்வி.

நமது முஸ்லிம் எழுத்தாளர்களின் கதைகளில் இதற்கென்று ஒரு தனி வார்ப்பு உண்டு. உயிரோடு இருக்கும்போது வாப்பாவின் மருந்துக்குக் காசு கொடுக்காத மகன், மௌத்தான பிறகு ஊரைக் கூட்டிப் பெரிய கத்தம் கொடுப்பான். சகனில் இறைச்சி மலைபோல் இருக்கும். ஏழை ஒருவன் ஓரத்தில் நின்று உண்மையைச் சொல்வான். இந்தக் கேலி முதலில் எழுதப்பட்டபோது கூர்மையாக இருந்திருக்கும். இன்று அது தேய்ந்த நாணயம். இன்னொரு வகை, கதை முடிகிற இடத்தில் ஒரு மௌலவியைக் கொண்டுவந்து பயான் செய்ய வைப்பது. பெற்றோரைப் பார்த்து 'சீ' என்றுகூடச் சொல்லாதே என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. அதை நினைவூட்ட மிம்பர் இருக்கிறது. கதையாசிரியன் அதே வேலையைச் செய்யப் புகுந்தால் மிம்பருக்கும் பயனில்லை, கதைக்கும் பயனில்லை. 'சீ' என்ற சொல் விழுந்த அந்தக் கணத்தில் கிழவியின் முகம் எப்படி இருந்தது, அவள் திருப்பி என்ன சொன்னாள், அல்லது ஏன் சொல்லாமல் விட்டாள் என்பதைக் காட்டுவதுதான் கதையின் வேலை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நானும் அந்தக் கதையை எழுதியவன் என்பதே. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் எங்கள் மலருக்காக ஒரு சிறுகதை எழுதினேன். அதற்குச் சில காலம் முன்புதான் என் உம்மா கொழும்பில் நானாவின் வீட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திடீரென்று ஊருக்குத் திரும்பி வந்திருந்தார். ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். கதையை எழுதிவிட்டேன். நகரத்து மகன், கொடுமைக்கார மருமகள், ஜன்னலோரம் அழுகிற தாய். மலர் அச்சாகி வந்ததும் பெருமையோடு உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு உம்மா சொன்னார்: "இந்தக் கெழவி ஏன் மகன் ஒண்டும் செல்லாம அழுதுக்கிட்டே ஈக்கிறா? இவக்கு நாக்கில்லயா?"

பிறகு அவராகவே சொன்னார். மதினி தங்கமான பிள்ளையாம். உரத்து ஒரு சொல் சொன்னதில்லையாம். "இரிங்க உம்மா, இரிங்க உம்மா எண்டு செல்லிச் செல்லியே என்ன ஒரு கதிரையில வெச்சிட்டாங்க. ஒரு வெங்காயம் உரிக்க உடல்ல. ரெண்டு வருசமா நான் ஒரு வேலயும் செய்யல்ல மகன். கை மரத்துப் போச்சு."

மரியாதையாலேயே ஒரு மனுசியை மூலையில் வைத்துவிட முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதைவிட நல்ல கதைக்கரு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் நான் எழுதி முடித்திருந்த கதையில் அதற்கு இடமிருக்கவில்லை. நானாவும் மதினியும் கவனிக்காமல் விட்டதைப் பற்றி எழுதப் போய், உம்மாவைக் கேட்காமல் விட்டவன் நான்தான். உம்மா மௌத்தாகி ஆறு வருடங்களாகின்றன. அந்தக் கதையை நான் எந்தத் தொகுதியிலும் சேர்க்கவில்லை.

முதியவர்களைப் பேச வைத்த கதைகள் தமிழில் இல்லாமல் இல்லை. ஜெயகாந்தனின் 'யுகசந்தி' நமது வாசகர் பலரும் அறிந்தது. கௌரிப் பாட்டி எழுபது வயது விதவை. மகன் வீடு ஓரிடம், இளம் விதவையான பேத்தி ஆசிரியையாக வேலை பார்க்கும் ஊர் இன்னோரிடம். பேத்தி மறுமணம் செய்யப் போகிறாள் என்று தெரிந்ததும் மகன் அவளைத் தலைமுழுகுகிறான். பாட்டி யோசிக்கிறாள். பிறகு தன் மூட்டையோடு பேத்தியிடமே போகிறாள். எங்கே இருக்கப் போகிறேன் என்பதைக் கிழவியே தீர்மானிக்கிறாள். அவள் காவப்படும் பொருளல்ல. வயது முதிர்ந்த ஒருத்திக்கும் கருத்து மாறும், துணிவு வரும் என்று காட்டியதாலேயே அந்தக் கதை நிற்கிறது.

கி. ராஜநாராயணனின் 'காய்ச்ச மர'த்தில் வேறொரு பலம் இருக்கிறது. சொத்தையெல்லாம் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்ட தம்பதி, பிறகு எந்த வீட்டிலும் இடமில்லாமல் போகிறார்கள். இங்கே யாரும் பிறவிக் கொடியவர்களல்லர். சொத்துக் கைமாறியதும் பேச்சும் பார்வையும் மாறுகின்றன. புறக்கணிப்பு என்பது குணக்கேடு மட்டுமன்று, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்பதைக் கதை உணர்த்துகிறது.

இவ்விரண்டையும் தாண்டி நம்மவர் ஊன்றிப் படிக்க வேண்டியது தோப்பில் முகம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'. 1997 இல் இந்திய சாகித்திய அக்கடமி விருது பெற்ற நாவல். முஸ்தபாக்கண்ணு வயது போனவர். பழம்பெருமை பேசும் பெரிய வீட்டில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, வாய் ருசிக்காக வீட்டுப் பொருட்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். மனைவி மரியத்தை அடிக்கிறார். அந்த வீட்டில் அதிகம் புறக்கணிக்கப்படுபவள் யார் என்று கேட்டால், நாற்காலியில் கிடக்கும் கிழவரல்லர், அவருக்குப் பணிவிடை செய்தே தேய்ந்துபோன மனைவிதான். மீரான் நமக்குக் கற்றுத்தருவது இதுதான்: முதியவர் என்பதாலேயே ஒருவர் நல்லவராகிவிடுவதில்லை. அவர் வாழ்ந்த வாழ்வு முழுவதும் அவரோடுதான் அந்த மூலைக்கு வருகிறது. நாம் எழுதும் கிழவர்களுக்குக் கடந்தகாலமே இல்லை. தியாகம் மட்டும் இருக்கிறது. பாவமே செய்யாத ஒருவரை வாசகன் நம்பமாட்டான். இரங்குவான், அடுத்த பக்கத்தில் மறந்துவிடுவான்.

எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை'யையும் இங்கே நினைக்கிறேன். சிலம்பக் கலையோடு வாழ்ந்து முதிர்ந்த அண்ணாவியார் அதில் இரக்கத்துக்குரிய பொருளாக வரவில்லை; தனக்கென ஒரு கலையும் ரோசமும் உள்ள மனிதராக வருகிறார். நம்மிடமே நல்ல முன்மாதிரி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கடல் கடந்த உதாரணம் ஒன்றும் உண்டு. ஜப்பானிய இயக்குநர் ஓசு 1953 இல் எடுத்த 'டோக்கியோ கதை' என்ற திரைப்படம். சிற்றூரிலிருந்து வயதான தம்பதி தலைநகரிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மகன் வைத்தியர், மகள் சிகை அலங்காரக் கடைக்காரி. இருவருக்கும் நேரமில்லை. செலவைப் பங்கிட்டுப் பெற்றோரை ஒரு வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். யாரும் யாரையும் ஏசுவதில்லை. போரில் இறந்துபோன மகனின் மனைவிதான் வேலைக்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டு அவர்களை ஊர்சுற்றிக் காட்டுகிறாள். கொடுமைக்கார மருமகள் இல்லாமலே புறக்கணிப்பைச் சொல்லலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சொல்லப்போனால், மருமகளைக் கொடியவளாக்கும் நமது வழக்கமே மகனைக் காப்பாற்றும் ஒரு தந்திரம்தான்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். நகரத்துக் குடும்பங்களில் முதியோர் படும் பாட்டை எழுதும் கதைகளில் ஒரு வேலைக்காரப் பெண் வருவாள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட, அவளே கிழவிக்குச் சோறூட்டுவாள், உடம்பு துடைப்பாள், மருந்து கொடுப்பாள். 'பெற்ற மகள் செய்யாததை வேலைக்காரி செய்தாள்' என்று கதாசிரியர் ஒரு வரி எழுதுவார். அந்தப் பெண் எங்கிருந்து வந்தாள் என்று எழுதமாட்டார். அப்படிப் போனவர்களில் பலர் இங்கிருந்து போனவர்கள்தான். மருதானையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு கிழவிக்கு அவள் தலைவாரிவிடும் நேரத்தில், இங்கே லயத்தில் அவளுடைய தாய் தனியாக அடுப்பு ஊதிக்கொண்டிருப்பாள். மத்திய கிழக்குக்குப் போனவர்கள் கதையும் அதுவே. நகரத்துக் கிழவியின் தனிமையும் தோட்டத்துக் கிழவியின் தனிமையும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். ஒரு முனையை மட்டும் பிடித்து நாம் நூற்றுக்கணக்கான கதைகள் எழுதிவிட்டோம். மறுமுனையில் இருப்பவளும் எழுதப்பட வேண்டியவள்.

லயத்துக் கிழவியின் நிலைமைக்குத் தனியான காரணங்கள் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. முன்னால் ஒரு இஸ்தோப்பு. அது அவளுக்குச் சொந்தமுமில்லை. தோட்டத்தில் பேர் போடுகிறவர் ஒருவரும் இல்லாத குடும்பத்துக்குக் காம்பரா நிலைக்குமா என்ற பயம் எப்போதும் உண்டு. ஆகவே கிழவி அங்கே 'விடப்பட்டவள்' மட்டுமல்ல, காம்பராவுக்குக் காவலும் அவள்தான். தெளிவத்தை ஜோசப் 'மீன்கள்' கதையில் ஒற்றைக் காம்பராவின் நெரிசலை எழுதினார். இன்று அதே காம்பராவின் வெறுமையை எழுத ஆள் வேண்டும்.

அடுத்தது காசு. கி.ரா.வின் தம்பதிக்கு நிலம் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அப்படிச் சொத்தாக இருப்பது ஒன்றே ஒன்று, ஊழியர் சேமலாப நிதி. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும் அதை எடுக்கலாம். முப்பது வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்தெடுத்துச் சேர்ந்த தொகை. அது கைக்கு வரும் நாளில் வீட்டில் நடக்கும் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஒரு மகனுக்கு முச்சக்கரவண்டி முற்பணம், ஒருத்திக்கு வெளிநாட்டு முகவர் செலவு, இன்னொருத்திக்குக் கல்யாணம். ஒரு மாதத்தில் முடிந்துவிடும். பிறகு அந்தத் தாய்க்குப் பிள்ளைகள் அனுப்புகிற காசுதான். யாரையும் குற்றம் சொல்ல முடியாத அந்தப் பேச்சை, அந்த ஓர் இரவை, மலையகத்தில் யாராவது விரிவாக எழுத வேண்டும். 'காய்ச்ச மர'த்துக்கு இணையான கதை அதற்குள் இருக்கிறது.

இன்னொன்றும் நினைக்கவேண்டும். இங்கே குடும்பம் பிரிவது புதிதல்ல. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. ஒரே வீட்டில் தகப்பன் அந்தப் பக்கம், மகன் இந்தப் பக்கம் என்று ஆனது. இன்று எழுபது வயதைக் கடந்த கிழவி அதைச் சிறுமியாகவோ குமரியாகவோ பார்த்தவள். மகள் பையைத் தூக்கிக்கொண்டு கொழும்பு பஸ்ஸுக்குப் போகும்போது அவள் மனதில் எந்தப் பயணம் நினைவு வருகிறது என்று ஒரு கதையாவது கேட்டிருக்கலாம்.

எங்கள் வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில்தான் 1914 இல் சி.வி. வேலுப்பிள்ளை பிறந்தார். பாராளுமன்றத்துக்குப் போனவர், கவிதையும் நாவலும் எழுதியவர். ஆனால் அவர் செய்த வேலைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது, மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்ததுதான். அவை ஏட்டில் இருந்தவையல்ல. வாய்வழியாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்தவை. ஒருவர் பக்கத்தில் இருந்து பாடச்சொல்லிக் கேட்டு எழுதினால்தான் அவை நூலாகும். சி.வி. கேட்டார். எழுத்தாளனுக்கும் முதியவருக்கும் இருக்கவேண்டிய உறவு அதுதான் என்று நினைக்கிறேன்.

'அப்படியானால் கைவிடப்பட்ட முதியோர் இல்லையா? நடக்காததையா எழுதுகிறோம்?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நடக்கிறது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலேயே இந்நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அதன் பின் விகிதம் கூடியே வந்திருக்கிறது. பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று சட்டம் போடும் அளவுக்கு விஷயம் வந்திருக்கிறது. சிங்கப்பூரில் 1995 இல், இந்தியாவில் 2007 இல். இரண்டுக்கும் இடையில், 2000 ஆம் ஆண்டிலேயே, இலங்கையில் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கேட்டு அச்சட்டத்தின் கீழுள்ள சபையிடம் விண்ணப்பிக்கலாம்.

இந்தச் சட்டத்தால் எத்தனை கிழவிகளுக்குச் சோறு கிடைத்தது என்பது வேறு விஷயம். நான் கவனிப்பது ஒன்றைத்தான். அந்த விண்ணப்பப் படிவத்தில் கிழவியின் பெயர் இருக்கிறது. அவள் முறைப்பாட்டை அவளே சொல்லலாம். என்ன நடந்தது, எவ்வளவு வேண்டும் என்று கேட்க ஓர் அதிகாரி இருக்கிறார். கால் நூற்றாண்டுக்கு முன் சட்டம் கொடுத்த இடத்தைக்கூட நமது கதைகள் இன்னும் அவளுக்குக் கொடுக்கவில்லை. வீட்டில் ஒருமுறை ஒதுக்கப்பட்டவளைக் கதையில் இரண்டாம் முறை ஒதுக்குகிறோம்.

கடைசியாக எங்கள் பிள்ளைகளின் விஷயம். அந்தப் பதினொரு கொப்பிகளையும் திருப்பிக் கொடுத்து, புள்ளி போடவில்லை என்று சொன்னேன். வீட்டிலிருக்கும் பாட்டியிடம் மூன்று கேள்வி கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வரச் சொன்னேன். முதல் நாளில் எதற்காகக் கோபம் வந்தது? எங்கே போக விருப்பம்? யாரிடம் பேச விருப்பமில்லை? பிள்ளைகள் சிரித்தார்கள். பாட்டிக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இருக்காது சேர் என்றான் ஒருவன்.

ஒரு பிள்ளை கொண்டுவந்ததைச் சொல்கிறேன். அவளுடைய தாய் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை. முதற்கதையில் இவள் எழுதிய கிழவி முதியோர் இல்லத்தில் அழுதுகொண்டிருந்தாள். இப்போது எழுதியது வேறு. "கொழும்புக்கு வா வான்னுதான் ஒங்கம்மா கூப்புடுறா. நாந்தான் போவல. அங்க நாலு செவத்துக்குள்ள போயி என்னா செய்ய? இங்கன்னா பீலிக்கரைக்குப் போனா நாலு பேரு வருவாங்க, சண்டையாச்சும் போடலாம். ஒங்கம்மா மாசாமாசம் காசு அனுப்புறா, நல்ல புள்ள. ஆனா போன்ல எப்ப பேசுனாலும் மொதல்ல ஒன்னயத்தான் கேக்குறா. என்னய 'சாப்டியா'ன்னு மட்டுந்தான் கேக்குறா. சாப்பாட்டத் தவிர எனக்கு வேற ஒண்ணும் இல்லையா?"

அதை அந்தப் பிள்ளை கொஞ்சம் விரித்துக் கதையாக எழுதினாள். வெளிப் போட்டி ஒன்றுக்கு அனுப்பினோம். பரிசு கிடைக்கவில்லை. 'கதைக்கு முடிவு இல்லை, உருக்கம் போதாது' என்று குறிப்பு எழுதித் திருப்பியிருந்தார்கள். கிழவி சாகவில்லை, மகள் வந்து விழுந்து அழவில்லை, அதுதான் குறை.

பிள்ளைக்குக் கொஞ்சம் மனவருத்தம். நான் அந்தக் கதையை அப்படியே வைத்துக்கொள், ஒரு சொல்லும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை அம்மா போன் எடுக்கும்போது அம்மாயி என்ன கேட்டார் என்பதையும் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். நமது எழுத்தாளர்களும் அடுத்த கதையைத் தொடங்கும் முன், வீட்டிலிருக்கும் முதியவரிடம் போய் அதே மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.